குச்சவெளி றோட்டுக் கரையில மீன் வாங்கப் போறவங்களுக்கு: ட்ரிங்கோ டவுன்ல இருந்து ஒரு நாள்ப் பயணம்

ட்ரிங்கோவுக்கு, அதான் திருகோணமலைக்கு, புதுசா வந்தவங்க, இடமாற்றத்தில வந்த டீச்சர்மார், கோணேசபுரி கம்பஸுக்குப் படிக்க வந்த பிள்ளைகள், பேங்க் வேலைக்கு வந்து ரூம் எடுத்து இருக்கிற தம்பிமார், எல்லாரும் கேக்கிறது ஒண்டுதான். சுத்திவரக் கடல் இருக்கு, பிறகேன் டவுன் மார்க்கட்டில சனத்துக்குள்ள நெரிபட்டு ஐஸ்ல கிடந்த மீனை இந்த விலைக்கு வாங்கவேணும்? வாங்கத் தேவையில்ல. பஸ் ஸ்டாண்ட்ல இருந்து வடக்க நிலாவெளி றோட்டால போனா சல்லி, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி எண்டு கரை முழுக்க மீன் இறங்குது, றோட்டோரம் கருவாட்டுக் கடைகளும் இருக்கு. ஆனா இது கதவு திறந்து பூட்டுற மார்க்கட் இல்ல. வலை எப்ப கரைக்கு வருதோ அப்பதான் சந்தை, வலையில என்ன இருக்கோ அதுதான் சாமான். இத மனசில வச்சுக்கொண்டு போனீங்கெண்டா நல்ல மீனோட வருவீங்க. "எனக்கு விளைமீன்தான் வேணும், பத்து மணிக்குள்ள வேணும்" எண்டு போனா வெறுங்கையோட வெயில்ல நிண்டுட்டு வரவேண்டியதுதான்.

முதல்ல எந்த மாசம் போறது எண்டு பாப்பம்

எங்கட பக்கக் கடல் மேற்குப் பக்கத்துக்கு எதிர்மாறு. கொழும்பு, நீர்கொழும்புப் பக்கம் கடல் கொந்தளிக்கிற மே தொடக்கம் செப்டம்பர் வரைக்கும் இங்க கச்சான் காத்து தரையில இருந்து அடிக்கும், வெக்கையா இருந்தாலும் கடல் அடங்கிக் கிடக்கும். கரையில நிண்டு இழுக்கிற கரைவலைக்கு அதுதான் காலம், மார்ச்சில தொடங்கி ஒக்டோபர் வரைக்கும் சொல்லலாம். அந்தக் காலத்திலதான் நீர்கொழும்பு, சிலாபத்தில இருந்தும் தொழிலாளர்கள் குடும்பத்தோட வந்து வாடி போட்டுத் தொழில் செய்வாங்க, அதனால கரையில தமிழும் சிங்களமும் கலந்து கேக்கும். வாடைக்காத்து தொடங்கினா, நவம்பர், டிசம்பர், ஜனவரியில, மழையும் அலையும்தான், போட் இறங்காத நாள் கனக்க வரும், வர்ற கொஞ்ச மீனுக்கும் விலை ஏறும். அந்த மாசங்கள்ல வடக்குக் கரைக்குப் போறத விட கொட்டியாரக் குடாப் பக்கம், தம்பலகாமக் குடாப் பக்கம் நண்டும் இறாலும் தேடுறது புத்தி, திறந்த கடலை விட குடாவுக்குள்ள தண்ணி கொஞ்சம் அடக்கம்.

கிழமையையும் பாருங்கோ. வெள்ளிக்கிழமை முஸ்லிம் தொழிலாளர்கள் ஜும்மாவுக்கு நிப்பாங்க, ஞாயிறு கத்தோலிக்க ஆக்கள் கோயிலுக்குப் போவாங்க. மற்றப்பக்கம், வெள்ளி எண்டா கனக்கச் சைவ வீடுகள்ல மரக்கறிதான், அதனால மீன் வந்த இடத்தில வாங்க ஆள் குறைவு. நல்ல நிலவு காலத்தில இரவு வலைத்தொழில் குறைவா இருக்கும், வெளிச்சத்துக்கு மீன் வலையக் கண்டு விலகும் எண்டு சொல்லுவாங்க. புதுசா போறவங்களுக்கு நான் சொல்றது செவ்வாய், புதன், வியாழன்ல ஒண்டு, லீவு எடுக்க ஏலாட்டி சனிக்கிழமை.

கொண்டு போக வேண்டிய சாமான்

மூடி இறுக்கமா பூட்டுற ஒரு பிளாஸ்டிக் வாளி, இல்லாட்டி ரெஜிபோம் பெட்டி. இது இல்லாம தயவுசெஞ்சு போகாதீங்கோ. சொப்பிங் பேக்ல மீனைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில ஏறினா தண்ணி ஒழுகி பக்கத்தில இருக்கிற ஆளின்ட சாறி நனையும், கொண்டக்டர் பேசுவார், அவர் பேசுறதும் நியாயம். ஐஸ் டவுன்லயே வாங்கிக்கொண்டு போங்கோ, கரையில இருக்கிற ஐஸ் போட்காரருக்கும் வியாபாரிமாருக்கும் வந்தது, கெஞ்சினாத்தான் ஒரு துண்டு தருவாங்க. அளவு வேணுமெண்டா மீன் எவ்வளவு நிறையோ அவ்வளவு நிறை ஐஸ், எங்கட வெயிலுக்கு அதுக்குக் குறைஞ்சா காணாது. காசு சில்லறையா, நூறு, ஐநூறு நோட்டா வச்சிருங்கோ. கார்ட், போன்ல காசு அனுப்புற கதையெல்லாம் மணல்ல சரிவராது. தொப்பி, தண்ணிப் போத்தல், கழுவக்கூடிய செருப்பு, ஒரு பழைய துவாய், அவ்வளவுதான்.

போறது எப்பிடி

பஸ் ஸ்டாண்ட்ல குச்சவெளி பஸ் அல்லது புல்மோட்டை பஸ்ஸில ஏறுங்கோ, ரெண்டும் ஒரே றோட்டாலதான் போகும். விடியக்காலம வர்ற முதல் பஸ்ஸைப் பிடிக்கிறது முக்கியம், எத்தின மணிக்கெண்டு முதல் நாளே ஸ்டாண்ட்ல கேட்டு வச்சுக்கொள்ளுங்கோ, கரையில வெயில் ஏற முந்திப் போய்ச் சேரவேணும். உப்புவெளியில யுத்தக் கல்லறை வரும், அதுக்குப் பிறகு சாம்பல்தீவுப் பாலம், பிறகு கம்பஸ், பிறகு நிலாவெளி. டவுன்ல இருந்து நிலாவெளி கிட்டத்தட்ட 15 கிலோமீற்றர், குச்சவெளி 34 கிலோமீற்றர் அளவில. இறக்கக்கண்டிப் பாலம் தாண்டினா ஒரு பக்கம் களப்பு, மற்றப் பக்கம் கடல், கொஞ்சம் தள்ளிப்போக உப்பளப் பாத்தியள் தெரியும். மோட்டச்சைக்கிள் இருந்தா அதுதான் வசதி, ஏனெண்டா ஒரு கரையில வலை வராட்டி அடுத்த கரைக்கு ஓடலாம். ஆட்டோவில போறவங்க போய்வரக் காத்திருக்கிற காசையும் சேத்து முதல்லயே பேசிப் போடுங்கோ.

எங்க இறங்குறது? முதல்தரம் போறவங்க இறக்கக்கண்டியில இறங்குங்கோ. பாலத்தடியில போட்டும் நிக்கும், ஆக்களும் இருப்பாங்க, தேத்தண்ணிக் கடையும் கிடைக்கும். கடையில ஒரு பிளேன்ரீ குடிச்சுக்கொண்டு "இண்டைக்கு எங்க அண்ணே வலை போட்டிருக்கு" எண்டு கேளுங்கோ. கூகுள் மேப்பால அதச் சொல்ல ஏலாது, தேத்தண்ணிக் கடைக்காரர் சொல்லுவார்.

கரைவலை இழுக்கிற இடத்தில

இதப் பாக்காம வந்தீங்கெண்டா பாதிப் பயணம் வீண் எண்டுதான் சொல்லுவன். தோணியில வலையை ஏத்திக்கொண்டு போய் அரைவட்டமாக் கடல்ல விட்டுட்டு ரெண்டு கயிறையும் கரைக்குக் கொண்டு வருவாங்க. பிறகு ரெண்டு பக்கமும் ஆக்கள் நிண்டு இழுக்க இழுக்க, ரெண்டு கூட்டமும் கரையில கிட்டக் கிட்ட வரும், கடைசியா நடுவில மீன் சேருற பை, அதான் மடி, கரையேறும். சில இடத்தில ட்ரக்டர்ல வின்ச் பூட்டியும் இழுத்திருக்கிறாங்க, எண்டாலும் கையால இழுக்கிற வலை இன்னும் இருக்கு. ஒரு வலை ஏற ரெண்டு மூண்டு மணித்தியாலம் பிடிக்கும், வலை பெரிசெண்டா இன்னும் கூட. வலை சம்மாட்டியின்ட, இழுக்கிறவங்களுக்குப் பங்கு. மடியில ஒண்டும் இல்லாட்டி அண்டைக்கு அத்தின பேருக்கும் கூலி இல்ல. அதனாலதான் மடி கரைக்குக் கிட்ட வரேக்க எல்லார்ட குரலும் மாறும், அந்த நேரம் போய்க் கதை குடுக்காதீங்கோ, ஃபோனை முகத்துக்கு நேர பிடிக்காதீங்கோ. போட்டோ எடுக்கவேணுமெண்டா முதல்ல கேளுங்கோ, எடுக்க வேணாம் எண்டு சொல்ற ஆக்கள் அரிது.

இழுக்கிற கயிறுக்கும் கடலுக்கும் நடுவில நிக்காதீங்கோ, கயிறு இறுகேக்க காலைத் தட்டிவிடும். சுருட்டி வச்சிருக்கிற கயிறுக்குள்ள காலை வைக்கிறதும் அப்பிடித்தான், சின்னப் பிள்ளைகளக் கூட்டிக்கொண்டு போனா இதில கவனம். செருப்போட வலையில ஏறாதீங்கோ. கண்ணி அறுந்தா அதுக்குக் கட்டுற நேரம் ஒரு மனுசன்ட பின்னேரம் முழுக்கப் போகும், அதோட அது அவங்கட சோறு, அதுக்கு மேல செருப்புப் போட்டு நிக்கிறது மரியாதையும் இல்ல. கேட்டுட்டுக் கயிறைப் பிடிச்சு இழுத்தா சந்தோசப்படுவாங்க, கடைசியில ஒரு கை சூடையோ கீரியோ தருவாங்க, வேண்டாம் எண்டு சொல்லாம வாங்குங்கோ.

ஆக்களக் கூப்பிடுறது எப்பிடி எண்டும் புதுசா வந்தவங்க யோசிப்பாங்க. தமிழ் ஆளெண்டா அண்ணே, முஸ்லிம் ஆளெண்டா நானா, சிங்கள ஆளெண்டா அய்யே, வயசானவர் எண்டா ஐயா. கருவாட்டுக் கடையில இருக்கிறவங்க அக்கா, கொஞ்சம் வயசெண்டா மாமி. இவ்வளவும் போதும்.

வாங்குறது

மடியைக் கொட்டினவுடன பெரிய மீன், சின்ன மீன், கணவாய், நண்டு எண்டு பிரிப்பாங்க. பெரிய பங்கு ஏலத்தில போகும், அதுக்கு லொறிக்கார வியாபாரிமாரும், மோட்டச்சைக்கிள்ல பெட்டி கட்டி ஊர் ஊரா விக்கிறவங்களும் நிப்பாங்க. நீங்க ரெண்டு கிலோ வாங்க வந்த ஆள், ஏலத்துக்குள்ள தலையைக் குடுக்காதீங்கோ. ஏலம் முடிய விடுங்கோ. பிறகு ரெண்டு வழி இருக்கு. ஒண்டு, ஏலம் எடுத்தவரிட்டயே போய் "நானா, இதில ரெண்டு கிலோ தாறீங்களா" எண்டு கேக்கிறது, பெட்டி கட்டுறவங்க கூடுதலா ஓம் எண்டுவாங்க. மற்றது, இழுத்த ஆக்களுக்குப் பங்கா வந்த மீனைக் கூறு வச்சு விப்பாங்க, அது கிலோக் கணக்கில்ல, ஒரு குவியல் இவ்வளவு எண்டு. கூறில ரெண்டு மூண்டு சாதி மீன் கலந்து கிடக்கும், குழம்புக்கு அதவிட நல்ல சாமான் இல்ல.

விலைக்கு ஒரு வழி சொல்றன். முதல் நாள் பின்னேரம் டவுன் மார்க்கட்டுக்குள்ள ஒரு சுத்துச் சுத்தி பாரை, விளைமீன், கும்பளா, சூரை, கணவாய் என்ன விலை போகுது எண்டு கேட்டு வச்சுக்கொள்ளுங்கோ. கரையில அதுக்குக் கொஞ்சம் கீழ இருந்தாலே சரி எண்டு வாங்குங்கோ. பாதி விலைக்குக் கேட்டு நிக்கிற ஆக்களக் கண்டிருக்கிறன், எனக்கு அது பிடிக்கிறதில்ல. விடிய மூண்டு மணிக்குக் கடலுக்குப் போன மனுசனிட்ட டீசல் விலையும் தெரியாம அம்பது ரூபாக்கு மல்லுக்கட்டுறது என்ன நியாயம்? சீவன் போகாத மீன் கிடைக்குது எண்டதுதான் உங்கட லாபம்.

மீன் பாக்கிறது எப்பிடி எண்டா, கரையில வாங்கினாலும் பாக்கவேணும், ஏனெண்டா நேற்றைய மீனை இண்டைய மீனோட கலந்து வைக்கிற ஆக்களும் இருக்கிறாங்க. கண் வெளிய தள்ளிக்கொண்டு தெளிவா இருக்கவேணும், உள்ள போன கண், வெள்ளை படிஞ்ச கண் வேண்டாம். செவுளைத் தூக்கிப் பாருங்கோ, நல்ல சிவப்பு இருக்கோணும், மண்ணிறமா மாறினது பழசு. வயித்துப் பக்கம் விரலால அமத்தினா பள்ளம் விழாம திரும்ப எழும்பவேணும். மணம் கடல் மணமாத்தான் இருக்கும், மீன் வெடுக்கு தூக்கலா வந்தா விடுங்கோ. நண்டு கையில தூக்கேக்க கனக்கவேணும், கனக்காத நண்டுக்குள்ள தண்ணிதான். இறால்ட தலை இறுக்கமா இருக்கோணும், தலை கறுத்தது, கழண்டு விழுறது சரியில்ல. கணவாயில தோல்ல புள்ளி புள்ளியா மண்ணிறம் மின்னிக்கொண்டிருந்தா அது இப்ப வந்தது, றோஸ் நிறம் உள்சதைக்கு இறங்கினா நேரம் போனது. சிங்கறால் கிடைச்சா வயித்தடியைத் திருப்பிப் பாருங்கோ, முட்டை இருந்தா வாங்காதீங்கோ, முட்டைச் சிங்கறால் பிடிக்கிறதும் விக்கிறதும் தடை. ஆமை இறைச்சி, ஆமை முட்டை எண்டு ஆரும் காதுக்குள்ள சொன்னா அந்த இடத்தில நிக்கவே வேண்டாம்.

டைனமைட் மீன் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்லவேணும்

இது எங்கட மாவட்டத்தின்ட பெரிய நோவு. வெடி போட்டுப் பிடிக்கிறது 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தில தடை, அப்பிடிப் பிடிச்ச மீனை வச்சிருக்கிறதும் விக்கிறதும் கூடத் தடைதான். எண்டாலும் அந்த மீன் சந்தைக்கு வருது, வாங்க ஆள் இருக்கிறபடியால வருது. ஒரு வெடிக்கு முருகைக்கல்லும் குஞ்சு மீனும் சேந்து செத்துப்போகும், முருகைக்கல் திரும்ப வளர எத்தினையோ வருசம் எடுக்கும், செத்த மீன்ல ஒரு பங்கு மிதக்காம அடியில தாண்டு ஒருத்தருக்கும் பிரயோசனமில்லாம அழுகும். நிலாவெளிக்கு முன்னால கடல்ல இருக்கிற புறாமலைத் தீவை 2003ல தேசியப் பூங்காவா ஆக்கினதே அந்த முருகைக்கல்லுக்காகத்தான். அதச் சுத்தின கடல்லயும் கல்லு இருந்தாத்தான் கலவாயும் விளைமீனும் ஒட்டியும் இருக்கும், கல்லுப் போனா கரைவலைக்காரன்ட மடியும் வெறுமையாத்தான் வரும்.

கண்டுபிடிக்கிறது கஷ்டமில்ல. கண்ணும் செவுளும் புதுசா இருக்கும், ஆனா உடம்பு துவண்டு தொங்கும், தலையில பிடிச்சுத் தூக்கினா துணி மாதிரி வளையும். வெட்டினா முள்ளந்தண்டு முறிஞ்சோ சதையை விட்டுக் கழண்டோ இருக்கும், முள்ளோரம் ரத்தம் கட்டியிருக்கும், வயித்துக்குள்ள காத்துப்பை வெடிச்சுக் குடல் கலங்கிக் கிடக்கும். வலையில பட்ட மீனெண்டா செதில்ல கண்ணி அடையாளம் தெரியும். சந்தேகம் வந்தா ஒண்டை வெட்டிக் காட்டச் சொல்லுங்கோ. அப்பிடி இருந்தா சண்டை பிடிக்காம "வேண்டாம் அண்ணே" எண்டுட்டு நடவுங்கோ. மலிவா இருந்தாலும் வாங்காதீங்கோ. வாங்கவே வாங்காதீங்கோ.

கருவாடு

மீன் வாங்க முந்தி கருவாட்டுக் கடைக்குப் போறவங்க இருக்கிறாங்க, நான் சொல்றது மறுவளம், பச்சை மீனை வாங்கி ஐஸ்ல வச்சுட்டு, பஸ்ஸுக்கு நிக்கிற நேரத்தில றோட்டோரக் கடையில கருவாடு பாருங்கோ. நெத்தலி, கட்டா, சீலா, பாரை, சுறா, திருக்கை எல்லாம் தொங்கும். கயித்திலயோ தட்டிலயோ காயப்போட்டத வாங்குங்கோ, மணல்ல போட்டுக் காயவச்சது எவ்வளவு கழுவினாலும் பல்லில கறகறக்கும். கையால முறிச்சுப் பாருங்கோ, உள்ள ஈரம் இருந்தா ஒரு கிழமையில பூஞ்சணம் பிடிக்கும், நிறையும் ஏமாத்தம். மேல வெள்ளையா உப்புப் பூத்திருந்தா பரவாயில்ல, றோஸ் நிறம் படிஞ்சிருந்தா பழுதாகத் தொடங்கின கருவாடு. இலையான் ஒண்டும் மொய்க்காத கருவாட்டையும் நான் யோசிச்சுத்தான் வாங்குவன், மருந்து அடிச்சா எண்டு ஒரு பயம். வீட்டுக்கு வந்து ஒரு வெயில் காட்டி பேப்பர்ல சுத்தி ஃப்ரிஜ்ஜில வச்சா மாசக்கணக்கா இருக்கும். ஊருக்குப் பார்சல் அனுப்புறவங்க நெத்தலியும் கட்டாவும் அனுப்புங்கோ, திருக்கையை பஸ்ஸில அனுப்பாதீங்கோ, மணம் தாங்க ஏலாது.

திரும்பி வர்றது

ஐஸ் விசயத்தில சோம்பல் கூடாது. முக்கியமா சூரை, கும்பளா, அறக்குளா, இந்த மூண்டும் வெயில்ல கிடந்தா உள்ள ஹிஸ்டமின் எண்ட சாமான் கூடும், பிறகு எவ்வளவு கொதிக்க வச்சாலும் அது போகாது. சாப்பிட்டவுடன முகம் சிவந்து, தலையிடிச்சு, உடம்பு கடிக்கும், ஆக்கள் அத "மீன் ஒத்துக்கொள்ளேல்ல" எண்டு விடுவாங்க. வாளியில அடியில ஐஸ், அதுக்கு மேல மீன், திரும்ப ஐஸ், இப்பிடி அடுக்குங்கோ. கரையிலயே குடலெடுத்துக் கழுவித் தரச் சொல்லலாம், கொஞ்சக் காசுதான் கேப்பாங்க. சின்ன மீனை வீட்டில வந்து பாக்கலாம்.

ஒரு பதினொரு மணிக்குள்ள கரையை விட்டு வெளிக்கிடுங்கோ. மீனை வச்சுக்கொண்டு நிலாவெளியில இறங்கிக் குளிக்கிற பிளான் வேண்டாம். குளிக்கிறதெண்டா போகேக்க குளிச்சுட்டு வாங்குங்கோ, இல்லாட்டி இன்னொரு நாள் போங்கோ. புறாமலைக்குப் போறதும் அப்பிடித்தான், அது டிக்கட் எடுத்துப் போட்ல போற வேற பயணம், இதோட சேக்காதீங்கோ.

பெரிய சூரை, கெலவல்லா முழுசா வேணும், கலியாண வீட்டுக்கு, அந்தியேட்டி முடிஞ்ச விருந்துக்கு எண்டு தேடுறவங்க குச்சவெளிப் பக்கம் போகாம சீனன்குடாவில கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்குப் போங்கோ, பலநாள் போட் வர்றது அங்க. தயிர் வேணுமெண்டா கிண்ணியா, மூதூர்ப் பக்கம், சட்டியில எருமைத் தயிர். 2009ல கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு கிண்ணியாவுக்குப் போக பாதைக்கு, அதான் வாகனம் ஏத்துற படகுக்கு, காத்து நிக்கிற கரைச்சலும் இல்ல.

வீட்டுக்கு வந்த பிறகு

சின்ன மீனை முதல் சமையுங்கோ. சூடையும் கீரியும் அண்டைக்கே, மஞ்சள் உப்புத் தூள் பிரட்டிப் பொரியல், இல்லாட்டி பழப்புளி விட்டுக் குழம்பு. விளைமீனும் ஒட்டியும் சொதிக்கு, பச்சைமிளகாய் கீறிப்போட்டு இறக்கேக்க தேசிக்காய்ப் புளி. சுறா, திருக்கை கிடைச்சா அவிச்சு உதிர்த்து வறை. நண்டுக் குழம்பு இறக்கேக்க முருங்கையிலை ஒரு பிடி போடுங்கோ. பெரிய துண்டுகளை ஒரு நேரக் கறிக்கு எவ்வளவோ அவ்வளவாப் பிரிச்சுக் கட்டி ஃப்ரீஸர்ல வையுங்கோ, மொத்தமா வச்சா எடுக்கிற ஒவ்வொரு தரமும் எல்லாம் இளகி மீன் கெடும். ரூம்ல ஃப்ரிஜ் இல்லாத கம்பஸ் பிள்ளைகள் ஒரு கூறுக்கு மேல வாங்காதீங்கோ, நாலு பேர் சேந்து வாங்கிப் பிரிக்கிறதுதான் நல்லம்.

இன்னொண்டு, வெளிக்கிட முந்தி உங்களுக்கு மீன் தந்த ஆளின்ட போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கோ. அடுத்தமுறை போக முதல் நாள் இரவு ஒரு கோல் எடுங்கோ, எந்தக் கரை, எத்தின மணி, என்ன மீன் ஓடுது எண்டு சொல்லுவாங்க, தெரிஞ்ச ஆளெண்டா ஒரு பாரையை ஒதுக்கியும் வைப்பாங்க. "நாளைக்குக் கடல் சரியில்ல, வலை போகாது" எண்டு சொன்னா போகாதீங்கோ, அண்டைக்கு டவுன்லயே வாங்குங்கோ.